பிள்ளையைக் காணச் சென்ற பெற்றோர்: நகர உலா வழக்கத்தின் வரலாறு

வெளிநாட்டில் பயிலும் மகனையோ மகளையோ காணப் பெற்றோர் கடல் கடந்து செல்வதும், கல்லூரி விடுமுறையில் சில நாட்களை ஒதுக்கிக் குடும்பம் ஒன்றாகப் பாரிஸ், ரோம், பிராக் போன்ற ஒரு பெருநகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவதும் இன்று இந்திய நடுத்தரக் குடும்பங்களிடையே பரவலாகக் காணப்படும் வழக்கங்கள். விமானப் பயணம் எளிதானபின் தோன்றிய புதுமை என்றே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. அக்கருத்து பாதி உண்மையே. ஐரோப்பிய மேட்டுக்குடியினரிடையே 17ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய கல்விப் பயண மரபும், 19ஆம் நூற்றாண்டில் ரயிலும் நீராவிக் கப்பலும் உருவாக்கிய சுற்றுலாத் தொழிலும், பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்ற இந்திய இளைஞர்களின் குடும்பச் சூழலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தே இவ்வழக்கம் உருவாயிற்று. இந்த நெடிய வரலாற்றில் பயணத்தின் வேகமும் செலவும் மாறியதைக் காட்டிலும் முதன்மையான மாற்றம் ஒன்று உண்டு. அறியாத நகரில் மூத்தவர் இளையவருக்கு வழிகாட்டுவதாகத் தொடங்கிய மரபு, இளையவர் மூத்தவரை அழைத்துச் செல்லும் வழக்கமாகத் தலைகீழானது என்பதே அது. எந்திரங்களுக்கு மட்டுமல்ல, சட்டங்களுக்கும் இம்மாற்றத்தில் பெரும் பங்கு உண்டு என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்களில் பிறந்த இளைஞர்கள் பள்ளிக் கல்வியோ பல்கலைக்கழகக் கல்வியோ முடிந்தபின் இரண்டு மூன்று ஆண்டுகள் பிரான்ஸிலும் இத்தாலியிலும் தங்கி, மொழியும் கலையும் அவை நாகரிகமும் கற்றுத் திரும்புவதைக் ‘கிராண்ட் டூர்’ என்றனர். ரிச்சர்ட் லாசல்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் இத்தாலியப் பயணம் குறித்து எழுதி 1670இல் வெளிவந்த நூலின் வழியாக இப்பெயர் நிலைபெற்றது. இப்பயணங்களில் பெற்றோர் உடன் செல்வதில்லை; அவர்களுடைய இடத்தில் ஊதியம் பெறும் ஆசிரியர் ஒருவர் சென்றார். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாம் வகித்த பேராசிரியர் பதவியைத் துறந்து, 1764 முதல் 1766 வரை பக்ளூ பிரபுவின் ஆசிரியராகத் துலூஸ், ஜெனீவா, பாரிஸ் ஆகிய நகரங்களில் தங்கியது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு 300 பவுன் ஊதியமும், பணி முடிந்தபின் வாழ்நாள் முழுவதும் அதே அளவு ஓய்வூதியமும் அவருக்கு வழங்கப்பட்டன. ஒரு பிள்ளைக்கு நகரங்களைக் காட்டும் பொறுப்புக்குக் குடும்பங்கள் எவ்வளவு விலை கொடுக்க முன்வந்தன என்பதை இத்தொகை உணர்த்துகிறது. பாரிஸில் தங்கியிருந்தபோது பிரபுவின் இளைய சகோதரர் நோயுற்று இறந்ததால் அப்பயணம் இடையிலேயே நின்றுபோனது.

தந்தையின் பங்கு பெரும்பாலும் கடிதமாகவே சென்றடைந்தது. செஸ்டர்ஃபீல்ட் பிரபு தம் மகன் பிலிப் ஸ்டான்ஹோப்புக்கு எழுதிய கடிதங்கள், தந்தையும் மகனும் மறைந்தபின் 1774இல் மகனின் மனைவியால் நூலாக வெளியிடப்பட்டன. எந்த நகரில் யாரைச் சந்திக்க வேண்டும், எவ்வாறு உடுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று தொலைவிலிருந்தே மகனின் ஒவ்வோர் அசைவையும் நெறிப்படுத்த முயலும் குரல் அவற்றில் கேட்கிறது. அறிவும் அனுபவமும் மூத்தவரிடம் உள்ளன, இளையவர் கற்றுக்கொள்ள வேண்டியவர் என்ற எண்ணத்தில் அக்காலத்தில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

பெற்றோரே மாணவரைத் தேடிச் செல்லும் வழக்கத்தின் தொடக்கநிலை ஒன்றைக் கலை விமரிசகர் ஜான் ரஸ்கினின் வாழ்வில் காணலாம். அவர் 1837இல் ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் தங்கிப் பயிலத் தொடங்கியபோது, தாய் மார்கரெட் அந்நகரின் ஹை ஸ்ட்ரீட்டில் வாடகைக்கு அறை எடுத்துக் குடியேறினார். ஷெர்ரி மது வணிகரான தந்தை லண்டனிலிருந்து வார இறுதிகளில் வந்துபோனார். மகன் மாலைதோறும் தாயுடன் தேநீர் அருந்தச் செல்வது வழக்கமாயிற்று. 1840இல் இருமலில் இரத்தம் வெளிப்பட்டு ரஸ்கினின் படிப்பு தடைப்பட்டவுடன், அவரை அழைத்துக்கொண்டு பெற்றோர் இத்தாலிக்குப் பயணமாகி மறு ஆண்டு திரும்பினர். ஆசிரியரின் இடத்தில் இங்கே பெற்றோர் தாமே நிற்கின்றனர். இதை மகன்மீது கொண்ட மிகையான கட்டுப்பாடு என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் விமரிசிப்பதுண்டு. ஆயினும் ரஸ்கின் பின்னாளில் வெனிஸ் குறித்தும் கட்டடக் கலை குறித்தும் எழுதியவற்றுக்கான பார்வை, பெற்றோருடன் வண்டியில் அமர்ந்து நகரங்களைக் கண்ட அந்த ஆண்டுகளில்தான் முதிர்ந்தது என்பதையும் மறுக்க இயலாது.

இத்தகைய பயணத்தைப் பிரபுக்களிடமிருந்தும் செல்வந்த வணிகர்களிடமிருந்தும் பொதுமக்களிடம் கொண்டுவந்தவை ரயில்பாதை, வழிகாட்டி நூல், பயண முகவர் நிறுவனம் ஆகிய மூன்றும். தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்கு இயக்கத்தினரை லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். 1855ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியை ஒட்டி ஐரோப்பியக் கண்டத்துக்கும் பயணிகளைக் கூட்டிச் செல்லத் தொடங்கினார். லண்டனில் ஜான் மர்ரி வெளியிட்ட கையேடுகளும், ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் கார்ல் பேடெக்கர் தொடங்கிய பதிப்பகத்தின் சிவப்பு அட்டை நூல்களும், எந்தக் கட்டடத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது, எந்த விடுதியில் தங்குவது என்பனவற்றை அச்சில் தந்தன. சிறப்பு மிக்க இடங்களுக்கு நட்சத்திரக் குறி இடும் பேடெக்கரின் முறை, நகரைப் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கை நிலைநாட்டியது. ஆடம் ஸ்மித்துக்கு ஆண்டுக்கு 300 பவுன் கொடுத்துப் பெற்ற பணியின் ஒரு பகுதியைச் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு நூல் செய்து முடித்தது. வழிகாட்டுவதற்கு வயதும் அனுபவமும் இனிமேல் கட்டாயம் இல்லை. படிக்கத் தெரிந்தவர் யாரும் வழிகாட்டலாம் என்ற நிலை அப்போதே விதையாக விழுந்துவிட்டது.

இந்தியக் குடும்பங்கள் இவ்வரலாற்றில் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். கடல் கடந்தால் சாதி கெடும் என்ற சமயத் தடை அப்போது வலுவாக இருந்தது. திரும்பி வந்தவர் பிராயச்சித்தம் என்னும் பரிகாரச் சடங்கைச் செய்யவேண்டும். மறுப்பவரைச் சாதியார் விலக்கிவைப்பர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையிலான பயணம் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் அடங்கியதால், குடிமைப் பணித் தேர்வுக்காகவும் பாரிஸ்டர் பட்டத்துக்காகவும் செல்லும் இளைஞர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவின் கோவிந்த சந்திர தத், மனைவியையும் ஆரு, தோரு என்னும் இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்றார். பிரான்ஸின் நீஸ் நகரில் பெண்கள் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜில் பெண்களுக்காக நடத்தப்பட்ட விரிவுரைகளிலும் பயின்ற தோரு தத், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதிய கவிஞராக மலர்ந்து 21 வயதில் மறைந்தார். பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப எண்ணியும் பார்க்க இயலாத காலத்தில், மகள்களின் கல்விக்காகக் குடும்பமே நான்கு ஆண்டுகள் நகரம் நகரமாக இடம்பெயர்ந்தது இந்திய வரலாற்றில் அரிய நிகழ்வு. கிறித்தவத்தைத் தழுவிய குடும்பம் என்பதால் சாதி விலக்கின் அச்சம் அவர்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பெரும்பாலான மாணவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. வங்காள மருத்துவர் கிருஷ்ணதன் கோஷ் 1879இல் தம் மூன்று மகன்களை மான்செஸ்டரில் ஓர் ஆங்கிலக் குடும்பத்திடம் ஒப்படைத்தார். அம்மூவரில் ஒருவரான அரவிந்தர் 1893இல் தாயகம் திரும்புவதற்குள் தந்தை காலமாகிவிட்டார். 1888இல் சட்டம் பயில லண்டன் சென்ற காந்தியை அவருடைய சாதியார் விலக்கிவைத்தனர். தாய் புத்லிபாய் இறந்த செய்தியை 1891இல் ஊர் திரும்பிய பின்னரே அவர் அறிந்தார். மாணவராக இருந்தபோது காந்தி பாரிஸ் கண்காட்சியைக் காணச் சென்றதைத் தம் தன்வரலாற்றில் விவரித்திருக்கிறார். சைவ உணவு கிடைக்கும் விடுதியில் ஓர் அறை எடுத்து ஏழு நாட்கள் தங்கி, வரைபடமும் கண்காட்சி வழிகாட்டியும் கையில் கொண்டு பெரும்பாலும் நடந்தே அந்நகரைப் பார்த்தார். 1889இல் எழுப்பப்பட்ட ஐஃபெல் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். துணைக்கு மூத்தவர் எவரும் இல்லை. வழிகாட்டி நூலும் கால்களும் போதுமானவையாக இருந்த அந்த ஏழு நாட்கள், இந்திய மாணவரின் நகர உலா குறித்த மிகத் தெளிவான பழைய பதிவுகளுள் ஒன்று.

சென்னையிலிருந்து சென்ற மாணவர்களும் எழுதாமல் இல்லை. கேம்பிரிட்ஜில் பயின்ற சாமுவேல் சத்தியநாதன், ஆங்கிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கழித்த நான்கு ஆண்டுகளை 1890இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்டு’ இதழின் ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, லண்டனையும் பாரிஸையும் இந்தியக் கண்ணாடி வழியாகக் கண்டு 1890களில் ஒரு நூல் எழுதினார். தாமே சென்று பார்க்க வழியற்றிருந்த குடும்பங்களுக்கு அந்நகரங்களைப் பற்றிய ஓரளவு தெளிவான சித்திரத்தை இத்தகைய எழுத்துகளே தந்திருக்க வேண்டும்.

பெற்றோர் சென்று, பிள்ளையுடன் நகரங்களைக் கண்டு, அது பதிவாகவும் எஞ்சியிருக்கும் நிகழ்வுகளுள் அலகாபாத்தின் நேரு குடும்பத்தினுடையது மிக விரிவானது. மூன்று தலைமுறைகளுக்கு நீள்வதால் இவ்வரலாற்றுக்கு அது ஓர் அளவுகோலாகவும் பயன்படுகிறது. மோதிலால் நேரு 1899இல் முதன்முறையாக ஐரோப்பா சென்று திரும்பியபோது பிராயச்சித்தம் செய்ய மறுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பிஷன் நாராயண் தர் என்னும் காஷ்மீரப் பண்டிதர் இங்கிலாந்தில் படித்துத் திரும்பியதை ஒட்டி அச்சமூகம் இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. மோதிலால் பெயரளவுக்கான சடங்குக்குக்கூட இசையவில்லை. இந்த மறுப்பு இல்லையெனில் குடும்பத்தின் பிற்காலப் பயணங்கள் எதுவும் அவ்வளவு இயல்பாக நடந்திருக்க இயலாது. விலக்கை ஏற்கத் துணிந்த ஒரு வழக்கறிஞரின் செல்வாக்கும் வருமானமும்தான் அந்தக் கதவைத் திறந்தன.

1905 மே மாதம் மோதிலால், அவர் மனைவி சொரூபராணி, பதினைந்து வயது மகன் ஜவஹர்லால், கைக்குழந்தைப் பருவம் கடந்த மகள் ஆகிய நால்வரும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். டோவரிலிருந்து லண்டன் செல்லும் ரயிலில், சுஷிமா கடற்போரில் ஜப்பான் ரஷ்யாவை வென்ற செய்தியை ஜவஹர்லால் நாளிதழில் படித்தார். மறுநாள் டெர்பி குதிரைப் பந்தயத் திருநாளாக அமைந்ததால் குடும்பம் அங்கே சென்றது. ஓர் ஆசிய நாடு ஐரோப்பிய வல்லரசைத் தோற்கடித்த செய்தியும், ஆங்கிலேயச் சமூகத்தின் மாபெரும் கேளிக்கையும் அடுத்தடுத்த நாட்களில் ஒரே சிறுவனின் நினைவில் பதிந்தன என்பது, நகர உலாவின் கல்வி எங்கிருந்தெல்லாம் வரக்கூடும் என்பதைக் காட்டுகிறது. ஜவஹர்லால் ஹாரோ பள்ளியில் சேர்க்கப்பட்டார். பெற்றோர் சில மாதங்கள் ஐரோப்பியக் கண்டத்தில் கழித்தபின் இந்தியா திரும்பினர்.

இதற்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் மகன் இங்கிலாந்தில் தங்கினார். இடையில் இரு முறை மட்டுமே விடுமுறையில் ஊர் வந்தார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே கடிதங்கள் தொடர்ந்து சென்றன. விமானங்கள்மீது பேரார்வம் கொண்டிருந்த அம்மாணவர், வார இறுதியில் வானவழியே இந்தியாவுக்கு வந்துபோகும் நாள் தொலைவில் இல்லை என்று ஹாரோவிலிருந்து தந்தைக்கு எழுதியதைத் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். ரைட் சகோதரர்களின் எந்திரம் பறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது.

1909இல் மோதிலால் மீண்டும் ஐரோப்பா சென்றார். ஜவஹர்லால் அப்போது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இயற்கை அறிவியல் மாணவர். தந்தையும் மகனும் பெர்லினில் இருந்தபோது, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனிலிருந்து கோமகன் செப்பலின் தம் புதிய வான்கப்பலில் அந்நகருக்கு வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 29 அன்று நிகழ்ந்தது அது. வான்கப்பல் என்பது நீண்ட சட்டகத்துக்குள் ஹைட்ரஜன் பைகளை அடுக்கி, எந்திரங்களால் செலுத்தப்படும் பெரும் மிதவை ஊர்தி. டெம்பெல்ஹோஃப் திடலில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டதாகக் கணிக்கப்பட்டது என்றும், பேரரசர் கைசர் முறைப்படி வரவேற்றார் என்றும் ஜவஹர்லால் எழுதுகிறார். அவர்கள் தங்கியிருந்த அட்லான் விடுதி, பிராண்டன்பர்க் வாயிலுக்கு அருகில் 1907இல் திறக்கப்பட்ட ஆடம்பர விடுதி. அன்று தன் விருந்தினர் அனைவருக்கும் செப்பலின் கோமகனின் படத்தைப் பரிசாக வழங்கியது. அப்படத்தை ஜவஹர்லால் பல ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தார்.

ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் பாரிஸ் நகரின்மேல் முதன்முறையாக விமானம் ஒன்று பறந்து ஐஃபெல் கோபுரத்தைச் சுற்றிவந்ததையும் அவர் கண்டார். ரைட் சகோதரர்களிடம் பயின்ற சார்ல் த லாம்பேர் அக்டோபர் 18 அன்று நிகழ்த்திய பறத்தல் அது. இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. ஐஃபெல் கோபுரத்துக்கான இருபது ஆண்டு உரிமம் அதே 1909ஆம் ஆண்டின் இறுதியில் முடிவடைய இருந்தது. அதன்பின் அதைப் பிரித்தெடுத்துவிடலாம் என்ற பேச்சும் நிலவியது. கம்பியில்லாத் தந்திக்கு அது பயன்படும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதாலேயே உரிமம் 1910 முதல் மேலும் எழுபது ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. காந்தி தனியே ஏறியதும், ஜவஹர்லாலின் கண்முன் விமானம் வலம் வந்ததும், இன்று பெற்றோரை அழைத்துவரும் மாணவர்கள் தவறாமல் நின்று படம் எடுப்பதும் அந்த ஒரே கோபுரத்தின் அடியில்தான். அது நிலைத்திருப்பது அழகுக்காக அன்று, வானொலி அலைகளுக்காக என்பதைச் சுற்றுலா நூல்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

அக்காலப் பயணத்தின் இன்னொரு கூறு இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும். முதல் உலகப்போருக்கு முன் மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குள் நுழையப் பொதுவாகக் கடவுச்சீட்டு கேட்கப்படவில்லை. செலவுக்குப் பணம் உள்ளவர் லண்டனிலிருந்து பெர்லினுக்கும், பெர்லினிலிருந்து பாரிஸுக்கும் ரயிலேறிச் சென்றார். இந்தியாவில் கடவுச்சீட்டு போர்க்கால விதிகளின் வழியே நுழைந்து, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. அன்றைய தடை செல்வமும் சாதியும். இன்றைய தடை ஆவணங்கள். எந்தக் காலத்திலும் இப்பயணம் எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை.

1927இல் உறவு தலைகீழாகத் தொடங்கியது. மனைவி கமலாவின் சிகிச்சைக்காக ஐரோப்பாவில் தங்கியிருந்த ஜவஹர்லாலுடன் மோதிலால் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில், அக்டோபர் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவை ஒட்டித் தந்தை, மகன், கமலா, தங்கை கிருஷ்ணா ஆகியோர் பெர்லினிலிருந்து மாஸ்கோ சென்று சில நாட்கள் தங்கினர். சோவியத் கருத்துகள் வழக்கறிஞரான மோதிலாலுக்கு முற்றிலும் புதியவை. ஆயினும் அந்நகரில் கண்டவை அவர் மனத்தில் பதிந்தன என்று மகன் எழுதியுள்ளார். 1909இல் அட்லான் விடுதிக்குத் தந்தை மகனை அழைத்துச் சென்றார். 1927இல் தந்தை அறியாத ஓர் உலகத்தை மகன் அவருக்குக் காட்டினார். இவ்விரு பயணங்களுக்கும் இடையில் உள்ள பதினெட்டு ஆண்டுகளில், நகரைப் படிப்பதற்கான அறிவு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறிவிட்டது.

மூன்றாம் தலைமுறையில் பயணத்தின் மகிழ்ச்சியைப் போர்மேகம் மூடியது. 1938இல் ஜவஹர்லால் ஐரோப்பா சென்றபோது மகள் இந்திரா ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரி மாணவி. உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த பார்சிலோனாவைப் பார்த்துவிட்டு வந்த தந்தை, கோடை விடுமுறையில் மகளுடன் பிராகுக்கும் புடாபெஸ்டுக்கும் பயணமானார். செக்கோஸ்லோவாக்கியாவைத் துண்டாடிய மியூனிக் உடன்பாடு அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் கையெழுத்தானது. அழியவிருக்கும் ஒரு குடியரசின் தலைநகரை அதன் இறுதி வாரங்களில் மகளுக்குக் காட்டுவதே அன்றைய நகர உலாவாக அமைந்தது. புடாபெஸ்டில் இந்திரா நோயுற்றார். நவம்பரில் தந்தையுடனேயே இந்தியா திரும்பினார்.

செல்வமும் அரசியல் தொடர்பும் உடைய குடும்பத்தின் இக்கதையை அக்கால மாணவர் அனைவரின் கதையாகக் கொள்வது பெரும் பிழை. கணித மேதை ராமானுஜன் 1914இல் சென்னையிலிருந்து கப்பலேறி 1919இல் திரும்பும் வரையிலான ஐந்தாண்டுகளில், நோயுற்று மருத்துவ விடுதிகளில் கிடந்தபோதும், தாய் கோமளத்தம்மாளோ மனைவி ஜானகியோ அவரைச் சென்று காண வழியில்லை. வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கேம்பிரிட்ஜ் சென்றார். நோயுற்றிருந்த நிலையிலும் அவரைச் செல்லுமாறு வற்புறுத்திய தாய் சீதாலட்சுமி 1931 மே மாதம் காலமானார். மகன் அப்போது கடலுக்கு அப்பால் இருந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற ஆண்டுகளில் சந்திரசேகர் கோட்டிங்கனும் பின்னர் கோபன்ஹேகனும் கண்டார். ஆயினும் அவை ஆய்வுக்காக ஒற்றை இளைஞர் மேற்கொண்ட பயணங்கள். தமிழ்நாட்டு மாணவர் வரலாற்றின் பெரும்பகுதி இத்தகைய காணாமையின் வரலாறே.

விடுதலைக்குப் பின் நிலைமை எளிதாகும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருந்தது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. ஹாரோ மாணவரின் கனவு நனவானது. ஆனால் விமானம் கடல் தூரத்தைச் சுருக்கிய அதே ஆண்டுகளில் அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு வேறொரு தூரத்தை உருவாக்கியது. அன்னியச் செலாவணி என்பது டாலர், பவுன் போன்ற வெளிநாட்டு நாணயம். நாட்டின் கையிருப்பு குறைவாக இருந்ததால் 1947, 1973 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதைக் கடுமையாகப் பங்கிட்டன. வெளிநாடு செல்பவர் கையில் எட்டு டாலர் மட்டுமே கொண்டுசெல்ல முடிந்த காலமும் உண்டு. ரூபாயில் பயணச்சீட்டு வாங்குவதற்கே ‘பி’ படிவம் என்னும் ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும். அவ்வனுமதிக்கு, அங்கே தங்கும் செலவை நெருங்கிய உறவினர் ஒருவர் ஏற்பதாக உறுதி தர வேண்டியிருந்தது.

மகனோ மகளோ ஏற்பாளராக, மக்கள் வழக்கில் சொன்னால் ‘ஸ்பான்சராக’, கையெழுத்திட்டால்தான் பெற்றோர் விமானம் ஏறலாம் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று. பெற்றோரின் கையில் டாலர் இல்லை. தங்கும் இடமும் உணவும் ரயில் கட்டணமும் அருங்காட்சியக நுழைவுச்சீட்டும் பிள்ளையின் உதவித்தொகையிலிருந்தே வந்தன. மோதிலால் தம் மகனுக்குப் பெர்லினைக் காட்டியதைப் போல் 1960களின் தஞ்சாவூர்த் தந்தை ஒருவர் தம் மகனுக்கு எதையும் காட்டியிருக்க முடியாது. சட்டமே அவரை விருந்தினராக்கிவிட்டது. பிள்ளை வழிகாட்டியாக மாறியதற்கு மொழியறிவும் வழிகாட்டி நூலும் காரணங்கள்தாம். ஆனால் இந்தியக் குடும்பங்களைப் பொறுத்தவரை அந்த மாற்றத்தை உறுதியாக்கியது நாணயக் கட்டுப்பாடே என்று கொள்வது பொருந்தும்.

விசா என்னும் நுழைவு அனுமதியின் வரலாறு ஈழத் தமிழரைத் தனியே தொட்டது. 1985இல் இலங்கை நாட்டவர் பிரிட்டன் செல்ல முன்கூட்டியே விசா பெறவேண்டும் என்ற விதி வந்தது. காமன்வெல்த் நாடொன்றின்மீது பிரிட்டன் விதித்த முதல் விசாக் கட்டுப்பாடு இது. இனக் கலவரத்தின் பின் தமிழ் அகதிகள் வருவதைத் தடுப்பதே இதன் நோக்கம். மறு ஆண்டு இந்தியா உள்ளிட்ட வேறு நாடுகளுக்கும் அவ்விதி விரிந்தது. பிள்ளையைக் காண விரும்பிய யாழ்ப்பாணத்துத் தாயும் அகதியைப் போலவே ஐயத்துடன் விசாரிக்கப்படும் நிலை உருவானது. இவ்வநீதியைச் சுற்றுலா வரலாறு எழுதுவோர் கடந்துபோவது சரியன்று.

1990களுக்குப் பின் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1995 மார்ச் 26 முதல் ஏழு ஐரோப்பிய நாடுகள் ஷெங்கன் உடன்பாட்டின்கீழ் தம்மிடையேயான எல்லைச் சோதனையை நீக்கின. ஒரே விசாவில் பல தலைநகரங்களைப் பார்க்க வழி பிறந்தது. செக் குடியரசும் ஹங்கேரியும் 2007 டிசம்பரில் இதில் இணைந்தன. பிரிட்டன் இவ்வுடன்பாட்டுக்கு வெளியே நிற்பதால், லண்டனில் பயிலும் இந்திய மாணவர் பெற்றோரைப் பாரிஸுக்கு அழைத்துச் செல்ல இரண்டு விசாக்கள் தேவை. இந்தியாவிலோ 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2000இல் தாராளமான புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று 2004இல் தொடங்கிய திட்டத்தின் வரம்பு 2015இல் 2,50,000 டாலராக உயர்ந்தது. பெற்றோரின் பையில் மீண்டும் பணம் சேர்ந்தது. எனினும் வழிகாட்டும் பொறுப்பு அவர்களிடம் திரும்பவில்லை. ரயில் செயலியை இயக்குவதும், உணவகத்தில் பேசுவதும், எந்தத் தெருவில் திரும்புவது என்று சொல்வதும் பிள்ளைகளின் வேலையாகவே நீடிக்கின்றன.

இவ்வரலாற்றின் மூலங்களில் ஒரு பெருங்குறை உண்டு. எழுதியவர்கள் பெரும்பாலும் தந்தையரும் மகன்களும். 1905இல் லண்டனையும் ஐரோப்பியக் கண்டத்தையும் கண்ட சொரூபராணி அந்நகரங்களைப் பற்றி என்ன எண்ணினார் என்பதை மகனின் தன்வரலாறு சொல்வதில்லை. 1960களுக்கும் 1990களுக்கும் இடையில் பிள்ளையைக் காணச் சென்ற தாய்மாரின் அனுபவங்கள் உள்நாட்டு உறவினருக்கு எழுதிய வான்கடிதங்களிலும், முத்திரைகள் குத்திய பழைய கடவுச்சீட்டுகளிலும், ‘பி’ படிவ நகல்களிலும், பின்புறம் பென்சிலால் ஊர்ப்பெயர் எழுதிய ஒளிப்படங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. வீடு மாறும்போதும் மூத்தவர் மறையும்போதும் முதலில் குப்பைக்குச் செல்வன இவையே. அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள், யார், எந்த ஆண்டு, எந்த நகரம் என்ற குறிப்புடன் அவற்றைப் பாதுகாத்து, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களை அணுகி, மூலத்தையோ நகலையோ வழங்க முன்வர வேண்டும்.